சி டிரைவில் ஒரு பிள்ளையார் சுழி

கணினியைக் கும்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கெட்ட வார்த்தையால் திட்டியவர்களையும், ஆத்திரத்தில் கீபோர்டைத் தூக்கி எறிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் கணினிக்கு உள்ளேயே பிள்ளையாரைக் குடியிருத்தி, அவருக்கு இடம் கொடுக்காத மென்பொருளையெல்லாம் ஒன்பது வருடமாகப் பிரித்துத் திருத்திக் கட்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எனக்குப் பக்கத்து மேசை. நாங்கள் வைத்த பெயர் சுழியர். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

சிரிக்க வைக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பாதிவழியில் சிரிப்பு நின்றுவிடும். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு என்னோடு கோபிக்க வேண்டாம்.

எங்கள் ஒஃபிஸ் கோப்பாயில் ஒரு மேல்மாடி. கீழே மிளகாய்த்தூள் மில். மேலே ஆறு பேர் உட்கார்ந்து, ஒரு குளிர்தேசத்துக் கொம்பனிக்கு வரைபட மென்பொருள் செய்து அனுப்பிக்கொண்டிருந்தோம். எல்லாம் விண்டோஸில் ஓடவேண்டும் என்பது அவர்களுடைய கட்டளை. அந்த மென்பொருளுக்கு வேண்டிய இலவசத் துண்டுகளை, லைப்ரரி என்று சொல்வோமே, அவற்றை விண்டோஸுக்கு ஏற்றபடி கொம்பைல் பண்ணிக் கொடுப்பது சுழியரின் வேலை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடையில் இடியப்பம் வாங்கலாம். அல்லது அரிசி ஊறப்போட்டு, இடித்து, மா வறுத்து, அரித்து, வீட்டில் பிழியலாம். யாரோ கட்டி வைத்த பொதியை இறக்கிப் போட்டால் இரண்டு நிமிடம். எழுதினவன் எழுதிய மூலத்தை அப்படியே வாங்கி, இலவசக் கருவிகளை வைத்து நாமே கட்டினால் அரை நாள். நடுவில் ஒரு பிழை வந்தால் அன்றைய நாளே போய்விடும்.

சுழியர் ஒருநாளும் கடை இடியப்பம் வாங்கியதில்லை.

"ஏன் அண்ணை, உது கட்டினபடியே கிடக்குதே. இறக்கிப் போட்டால் போச்சு" என்று நான் வேலைக்குச் சேர்ந்த கிழமை கேட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் கணினியில் சி டிரைவைத் திறந்து காட்டினார். அதில் ஒரே ஓர் எழுத்தைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர் இருந்தது. உ.

"தம்பி, நீர் சோதினைத் தாளிலை முதல் என்ன போட்டனீர்?"

"பிள்ளையார் சுழி."

"கடிதம் எழுதினால்?"

"பிள்ளையார் சுழி."

"அப்ப கொம்பியூட்டர் எண்டோடனை மட்டும் பிள்ளையார் வெளியிலை செருப்புக்குப் பக்கத்திலை நிக்கோணுமோ?"

அவருடைய வேலை முழுவதும் அந்த உ-வுக்குள் இருந்தது. அதுதான் வினையே. வெளிநாட்டில் எழுதப்பட்ட பழைய லைப்ரரிகள் பல, பாதையில் ஆங்கிலமில்லாத ஓர் எழுத்தைக் கண்டவுடன் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடும். கண்ணுக்கு முன்னால் கோப்பு இருக்கும். அது இல்லை என்று சாதிக்கும். வேறு யாரும் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். சுழியர் லைப்ரரியை மாற்றுவார். படம் திறக்கும் லைப்ரரி, சுருக்கும் லைப்ரரி, எழுத்துரு லைப்ரரி எல்லாவற்றையும் பிரித்து, எந்த வரியில் பிள்ளையாரைத் தடுக்கிறார்கள் என்று தேடி, திருத்தி, திரும்பக் கட்டுவார். மனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு கத்துவார்.

"ஐசே, ஃபோல்டரின்ரை பேரை மாத்தும். ஒரு நிமிஷ வேலை!"

"சேர், திருந்த வேண்டியது பிள்ளையாரோ, புரோகிராமோ?"

மனேஜர் தேத்தண்ணிக்குக் கீழே இறங்கிப் போய்விடுவார். ஒன்பது வருடமாக இதே கதைதான்.

திருத்தியதைத் தனக்குள் வைத்துக்கொள்ளவும் மாட்டார். எழுதினவனுக்கே அனுப்பி, உன்னுடைய மூலத்திலும் சேர் என்பார். ஒருமுறை ஒரு வெள்ளைக்காரன் பதில் போட்டிருந்தான்: இப்படி ஓர் எழுத்தில் ஃபோல்டர் யாருக்குத் தேவை? சுழியர் இரண்டு பக்கத்தில் விளக்கம் எழுதினார். யானைத்தலை, மோதகம், எலி வாகனம், எதையும் விடவில்லை. அவன் நல்லவன், பொறுமையாக வாசித்துவிட்டுக் கேட்டிருந்தான்: விளங்குகிறது, இவர் உங்களுடைய வாடிக்கையாளரா? சுழியர் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: "ஓம். முதலாவது வாடிக்கையாளர்." அடுத்த பதிப்பில் அந்தத் திருத்தம் சேர்ந்திருந்தது.

புதுப் பதிப்பு வெளிவிடும் நாளில், வட்டுக்கோட்டையிலிருந்து வரும் வழியில் மருதனார்மடம் சந்தையில் சைக்கிளை நிறுத்தி ஒரு தேங்காய் வாங்குவார். ஒஃபிஸ் படியில் அடிப்பார். ஒருமுறை சிரட்டை தெறித்து மனேஜரின் காருக்குக் கீழே போய்க் கிடந்தது. மனேஜர் காரை எடுத்தார். டயர் போன சத்தத்தில் மில்காரர் வெளியே ஓடிவந்து, "என்ன தம்பியவை, மேலை ஏதும் வெடிச்சுதோ?" என்றார். சுழியர் மேலே நின்று, "இல்லை ஐயா, வடிவாக் கட்டுப்பட்டிட்டுது" என்றார்.

ஆனால் உண்மையான சோதனை தும்மல்தான். கீழே மிளகாய் அரைக்கிறது, மேலே ஆறு மூக்கு. சுழியர் கட்டத் தொடங்கும்போது, அந்தக் கறுப்பு விண்டோவில் கட்டளையை அடித்து என்டரைத் தட்டும் நேரத்தில், ஒற்றைத் தும்மல் விழக்கூடாது. விழுந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். இரட்டைத் தும்மல் என்றால் தோஷமில்லை. ஆகவே அவருடைய மேசை லாச்சியில் எப்போதும் மூக்கில் விட ஒரு கடதாசித் திரி இருக்கும். யாராவது ஒன்று தும்மினால் திரியோடு ஓடிவருவார்.

"மற்றதையும் தும்மும்! கெதியா! பிந்தினா சேராது!"

கண்ணீர் வடிய நான் இரண்டாவதைத் தும்மிக் கொடுத்த நாட்கள் எத்தனையோ. படித்த படிப்புக்கு நான் பார்த்த வேலை அது.

இப்போது மயூரியைச் சொல்லவேண்டும். எங்கள் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது அவளுடைய வேலை. பருத்தித்துறைப் பக்கம், கடற்கரை வீடு. அப்பா கடலுக்குப் போகிறவர். அதிகம் கதைக்கமாட்டாள், கதைத்தால் ஆளைப் பார்த்து நேரே கதைப்பாள். ஒருநாள் அப்பாவின் வலையைக் கடல் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் சுழியரைக் கேட்டாள்.

"அண்ணை, கடலிலை போன சாமான் எங்கை போய் நிக்கும் எண்டு கொம்பியூட்டர் சொல்லுமே?"

சுழியர் சோற்றுக் கையோடு எழும்பிவிட்டார். அப்படி ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. காற்றையும் நீரோட்டத்தையும் கொடுத்தால், மிதக்கிற பொருள் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்று வரைபடத்தில் புள்ளி போட்டுக் காட்டும். விண்டோஸுக்கு ஆயத்தமாகக் கட்டிய பொதி கிடையாது. சுழியருக்கு அதைவிட வேறென்ன வேண்டும். அன்றைக்கே மூலத்தையெல்லாம் இறக்கி, வழமைபோல ஒரு பிஸ்கட் தகர ரின்னுக்குள் வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் சேமித்தார். கட்டத் தொடங்கினார்.

பதினொரு லைப்ரரி கட்டுப்பட்டது. பன்னிரண்டாவது, கடல் தரவை வாசிப்பது, நான் பிறப்பதற்கு முன் எழுதப்பட்டது. உ-வைக் கண்டதும் படுத்தது. சுழியர் ஒரு கிழமை மல்லுக்கட்டிப் பார்த்தார். பிறகு ஒஃபிஸ் வேலை வந்து குவிந்தது.

"கிடக்கட்டும். ஆறுதலாப் பாப்பம்" என்றார். வலை திரும்பி வரவா போகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம். அப்படியே மூன்று மாதம் கிடந்தது.

மாரி தொடங்கி, ஒரு தாழமுக்கம் வந்தது. இரண்டு நாள் விடாத மழையும் காற்றும். கரண்ட் இல்லை, இன்டர்நெட் வயர் எங்கேயோ அறுந்துபோயிருந்தது. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மயூரி நனைந்தபடி படியேறி வந்தாள். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு துண்டுக் கடதாசி.

"அப்பாவும் மாமாவும் முந்தநாள் வெளிக்கிட்டவை. நேற்றுப் பின்னேரம் அப்பா ஃபோன் எடுத்தவர். எஞ்சின் நிண்டிட்டுது, நங்கூரமும் அறுந்துபோச்சு எண்டவர். இடத்தைச் சொல்லிப்போட்டு... அதோடை ஃபோன் இல்லை."

கடதாசியில் இரண்டு எண்கள். அப்பா கருவியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவள் எழுதிய இடக்குறிப்பு.

"கடற்படைக்கும் சொல்லியாச்சு. கடற்றொழில் சங்கத்திலை நாலு போட் ஆயத்தமா நிக்குது. ஆனா கடல் இப்பிடிக் கிடக்கேக்கை ஒரு பக்கம்தான் போகலாம். பாதிப்பேர் கோடிக்கரைப் பக்கம் இழுத்திருக்கும் எண்டினம், பாதிப்பேர் முல்லைத்தீவுப் பக்கம் எண்டினம். வீட்டிலை அழுகிற சனத்துக்குள்ளை இருந்து நான் என்ன செய்யிறது? அண்ணை, உங்கடை அந்தப் புரோகிராம் வேலை செய்யுதே?"

சுழியரின் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"இன்னும் இல்லை, பிள்ளை" என்றார்.

குளிர்தேசத்துக் கொம்பனிக்கு ஃபோனில் செய்தி அனுப்பினோம். அங்கே விடுமுறை, பதிலில்லை. அந்தச் சிக்னலில் பெரிதாக எதையும் இறக்க வழியில்லை. பிஸ்கட் ரின்னில் இருந்ததுதான் எங்கள் கையில் இருந்த முழுச் சொத்து. மனேஜர் கீழே ஓடி மில்காரரிடம் கரண்ட் கேட்டார்.  அவர் அரைத்துக்கொண்டிருந்த மெஷினை நிற்பாட்டி, ஜெனரேட்டர் வயரை ஜன்னலால் எங்களுக்குத் தந்தார். மிளகாயோடு வந்து நின்ற சனத்தை நாளைக்கு வரச் சொன்னார்.

சுழியர் கறுப்பு விண்டோவைத் திறந்தார். அதே பன்னிரண்டாவது லைப்ரரி. அதே பதில். அப்படி ஒரு கோப்பு இல்லை.

நான் சொன்னேன்: "அண்ணை, ஃபோல்டரின்ரை பேரை மாத்துவமே?"

அதில் ஒரு சிக்கல் இருந்தது. கட்டும்போது ஒவ்வொரு துண்டும் தான் இருக்கும் இடத்தின் முகவரியைத் தனக்குள்ளே எழுதி வைத்துக்கொள்ளும். பெயரை மாற்றினால் பன்னிரண்டையும் அத்திவாரத்திலிருந்து திரும்பக் கட்டவேண்டும், வழி தெரிந்த வேலை என்றாலும். மூன்று மணித்தியாலம். ஆனால் கட்டாயம் சரிவரும். திருத்துவதென்றால் அரை மணித்தியாலத்தில் முடியலாம். முடியாமலும் போகலாம்.

சுழியர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை, பயந்த முகம்.

"இண்டைக்கோ தம்பி? இண்டைக்குப் பாத்துப் பிள்ளையாரை வெளியிலை போகச் சொல்லுறீரோ?"

நான் மயூரியைப் பார்த்தேன். அவள் கைகளைக் கோர்த்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி சொன்னாள்: "இருக்கட்டும் அண்ணை. அவர் இருக்கட்டும்."

இங்கே ஒன்று சொல்லவேண்டும். இவ்வளவு நாளும் ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் வற்புறுத்தவில்லை. ஒன்பது வருடம் அந்த உ-வைப் பார்த்துச் சிரித்தவன் நான். சாப்பாட்டு நேரத்தில் அதை வைத்து நடித்துக் காட்டியவனும் நான்தான். அன்று காலையில் அதை அழிக்க எனக்கும் மனம் வரவில்லை. எனக்குக் கணக்குத் தெரியும், மூன்று மணித்தியாலம்தான் நிச்சயம் என்று தெரியும். தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

சுழியர் திருத்தத் தொடங்கினார். அரை மணித்தியாலம் போனது. ஒரு பிழை போனால் வேறொன்று வந்தது. பதினொன்று. பன்னிரண்டு. ஜன்னல் கம்பியில் ஃபோனைக் கட்டித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக வந்த சிக்னலில் காற்று, நீரோட்டத் தரவை நான் இறக்கி முடித்துவிட்டேன். மயூரி அவருக்குப் பக்கத்துக் கதிரையில் அசையாமல் இருந்தாள். கொடுத்த தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் வரிகள் ஓடி, ஓடி, கடைசியில் அந்த ஒரே வசனம் வந்து நின்றது. அப்படி ஒரு கோப்பு இல்லை. ஒரு மணி. இரண்டு மணி.

இரண்டு மணிக்கு மயூரிக்குச் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. "பிள்ளை, இனியும் பாத்துக்கொண்டு நிக்கேலாது. இண்டைக்குப் போறதெண்டா இப்ப சொல்லோணும்."

"கொஞ்சம் பொறுங்கோ" என்று ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு அவள் சுழியரைப் பார்த்தாள். 

சுழியர் கையெடுத்தார். உ-வின் மேல் வைத்து, அழித்து, a என்று அடித்தார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த ஃபோல்டருக்கு ஒரு வெறும் ஆங்கில எழுத்து.

"காலமையே உதைச் செய்திருக்கோணும், பிள்ளை" என்றார்.

முதலிலிருந்து கட்ட என்டரைத் தட்டினார். அந்த நேரம் பார்த்து, மழைக் குளிரில், நான் தும்மிவிட்டேன். ஒன்று. பழக்கத்தில் அவருடைய லாச்சியை இழுத்துத் திரியைத் தேடினேன்.

"விடும் தம்பி" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்குக் கட்டி முடிந்தது. ஒரு பிழை இல்லை. மயூரியின் இரண்டு எண்களைக் கொடுத்தோம். நீல வரைபடத்தில் புள்ளிகள் கிழக்கே போய், தெற்கே வளைந்து, முல்லைத்தீவுக்கு வெளியே ஒரு கூட்டமாய் நின்றன. மயூரி இடத்தை ஃபோனில் வாசித்தாள். மறுபக்கம் சங்கத் தலைவரின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"நல்லது பிள்ளை. ஆனா இனி இருண்டுபோம். விடிய வெளிக்கிடுறம்."

விடிய வெளிக்கிட்டார்கள். பத்து மணிக்குக் கண்டுபிடித்தார்கள். எங்கள் புள்ளிக் கூட்டத்துக்குள்ளேதான் போட் நின்றது, பாதி தண்ணீரில். மாமாவுக்கு உயிர் இருந்தது. மயூரியின் அப்பாவுக்கு இல்லை.

ஆசுப்பத்திரியில் மாமாவைப் பார்க்க நானும் சுழியரும் போனோம். உதடெல்லாம் வெடித்திருந்தது. எங்களை யாரென்று தெரியாமலே சொன்னார்.

"நேற்று மூண்டு மணி, நாலு மணி மட்டும் கதைச்சுக்கொண்டுதான் இருந்தவர். 'வருவாங்கள் மச்சான், பெட்டை விடமாட்டாள்' எண்டவர். பொழுதுபட்டாப்பிறகு கூப்பிட்டன், கதையில்லை."

சுழியர் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் மனதிலும் அதுதான் ஓடியது. ஒன்பதரைக்குப் பெயரை மாற்றியிருந்தால் பன்னிரண்டரைக்கு விடை. ஒரு மணிக்குப் போட். பகலில் இன்னும் நேரம் இருந்திருக்கும். பிழைத்திருப்பாரா? தெரியாது. கடலில் யாரால் சொல்ல முடியும். தெரியாது என்பதுதான் எங்களைத் தின்றது.

செத்த வீட்டுக்கு எல்லோரும் போனோம். சுழியர் படலை வரைக்கும் வந்தார், உள்ளே வரவில்லை. பறைச் சத்தம் புறப்பட்டு சுடலைப் பக்கம் போகும் வரைக்கும் மதிலோடு நின்றுவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு சுழியர் திருந்திவிட்டார். எழுதுவதற்கே கை கூசுகிறது. கடதாசியில் சுழி இல்லை. லாச்சியில் திரி இல்லை. யாரும் தும்மலாம். ஒருநாள், யாரோ கட்டி வைத்த பொதியை அவர் இறக்கிப் போட்டு இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்ததை என் கண்ணால் பார்த்தேன். மனேஜருக்குச் சந்தோஷம். "ஆள் இப்பதான் வேலை செய்யுது" என்றார். எனக்கு அந்த மனேஜரைப் பிடித்து அறையவேண்டும் போலிருந்தது.

அப்பாவின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, ஒரு மாதத்துக்குப் பிறகு மயூரி வேலைக்கு வந்தாள். வந்தவள் தன் மேசைக்குப் போகவில்லை. ஒரு பழைய லப்ரொப்பைக் கொண்டுவந்து சுழியரின் முன்னால் வைத்தாள்.

"இது சங்கத்தின்ரை. அந்தப் புரோகிராமை இதிலை போட்டனான். ஓடுதில்லை."

திறந்து பார்த்தோம். சங்கத்தில் யாரோ விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தார்கள்: கடற்றொழில் சங்கம். எதைத் திறந்தாலும் பாதையில் அந்தப் பெயர் வந்து நின்றது. திரையில் எங்களுக்குப் பழகிய வசனம். அப்படி ஒரு கோப்பு இல்லை.

"பேரை இங்கிலீசிலை மாத்திவிட்டால் சரி" என்றேன் நான். என் புத்தி அவ்வளவுதான்.

மயூரி என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"கரையிலை எத்தினை சங்கம், எத்தினை லப்ரொப். ஒவ்வொருத்தரிட்டையும் போய் உங்கடை பேரை மாத்துங்கோ எண்டு சொல்லிக்கொண்டு திரியேலுமே அண்ணை? ஆளைக் காணேல்லை எண்டு ஓடிவாற நேரத்திலை அதையே பாக்கிறது? திருந்த வேண்டியது சனமோ, புரோகிராமோ?"

சுழியர் லப்ரொப்பின் மூடியை மெல்லச் சாத்தினார். பிறகு கேட்டார்: "பிள்ளை, உமக்கு என்னிலை கோவமில்லையே?"

"இருக்கு" என்றாள். "உங்களிலையும் இருக்கு, என்னிலையும் இருக்கு. நானுந்தானே இருக்கட்டும் எண்டனான். ஆனா அப்பாவைக் கொண்டந்து தந்தது நீங்கள். அம்மா அவரின்ரை முகத்தைப் பாத்தவ. தம்பி கொள்ளி வைச்சவன். எங்கடை கரையிலை எத்தினை வீட்டிலை அதுகூட இல்லாமல் இருக்கினம் தெரியுமே உங்களுக்கு?"

பத்தொன்பது நாள் எடுத்தது. அந்தப் பன்னிரண்டாவது லைப்ரரியைச் சுழியர் வரி வரியாகப் பிரித்தார். சாப்பாட்டுப் பார்சல் திறக்காமல் கிடக்கும். நான் கேட்காமலே உதவினேன். எனக்கும் தீர்க்கவேண்டியது இருந்தது. இருபதாம் நாள், சோதித்துப் பார்க்க ஒரு தமிழ்ப் பெயர் ஃபோல்டர் தேவைப்பட்டது. சுழியரின் கை கீபோர்டுக்கு மேல் அந்தரத்தில் நின்றது. மயூரி குறுக்கே கை நீட்டி ஒரே ஓர் எழுத்தை அடித்தாள். உ.

வரிகள் ஓடின. நாற்பது நிமிடம் ஓடி, நின்றன. பிழை இல்லை. நீல வரைபடம் திறந்தது.

சுழியர் மேசையில் தலையை வைத்து அழுதார். கீழே மில் இரைந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்தோம், மிளகாய் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

அடுத்த வருடம் அந்தக் குளிர்தேசத்துக் கொம்பனி எங்களை விட்டுவிட்டது. ஒஃபிஸ் மூடப்பட்டது. இப்போது அந்த மேல்மாடியில் மில்காரரின் செத்தல் மிளகாய் மூட்டைகள். சுழியர் வட்டுக்கோட்டையில் வீட்டோடு இருக்கிறார். ஒருவரோடும் பெரிதாகக் கதையில்லை என்று கேள்வி.

போன மாரியில் இன்னொரு போட் காணாமல் போனது. சங்கத்துப் பெடியள் தாங்களே அந்த லப்ரொப்பைத் திறந்து, இடத்தைக் கொடுத்து, விடையைப் பார்த்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள். மயூரி எனக்குச் சொல்ல, நான் சுழியருக்கு ஃபோன் எடுத்தேன்.

"அண்ணை, இரண்டு பேரும் உயிரோடை."

மறுபக்கம் கதிரை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. 

"புரோகிராம் எவ்வளவு நேரம் எடுத்ததாம்?"

"இருபத்தைஞ்சு நிமிஷமாம் அண்ணை."

"இருபத்தைஞ்சு" என்றார். "அண்டைக்கும் இருபத்தைஞ்சு நிமிஷமா இருந்திருந்தால் தம்பி..."  ஃபோனை வைத்துவிட்டார்.

இதை எழுதத் தொடங்குமுன், தாளின் தலையில் ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இப்போதுதான். பத்திரிகை ஆசிரியர் அதைத் தட்டுப்பிழை என்று எண்ணி வெட்டிவிடுவார், வெட்டட்டும். அது எனக்கும் பிள்ளையாருக்குமாகப் போட்டதில்லை, அண்ணை. உங்களுக்காகப் போட்டது.